கிழக்கையும் மேற்கையும் ஒரே நூலில் சேர்த்த மௌலானா ஆஸாத்

தத்துவம் என்றவுடன் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எனும் கிரேக்கப் பெயர்களே பலருக்கும் நினைவில் எழும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தத்துவ வரலாறு கிரேக்கத்தில் தொடங்கி ஐரோப்பாவில் முடிவதாகவே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அக்குறையைக் களைய முனைந்த பெருமகனார், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள்.

அன்னார் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் புனித மக்கா நகரில் பிறந்தார். பின்னர் குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. மார்க்க அறிஞரான தந்தை மௌலானா கைருத்தீன் அவர்கள், மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி புகட்டினார். அரபி, பார்சி, தர்க்கம், தத்துவம், கணிதம் அடங்கிய பாடத்திட்டத்தைப் பிறர் 20 வயதைக் கடந்தே முடிப்பர். அன்னாரோ 16 வயதிலேயே நிறைவு செய்தார்.

பின்னர் சர் சையத் அஹ்மத் கான் அவர்களின் எழுத்துகளைப் பயின்று, நவீன அறிவியலும் தத்துவமும் கல்லாதவரின் கல்வி முழுமையாகாது என உணர்ந்தார். ஆங்கிலத்தைத் தம் முயற்சியாலேயே கற்றார். அவ்வாசிப்பு உள்ளத்தில் கடும் ஐயங்களை எழுப்பியது. உண்மை ஒன்றாயின் மதங்களிடையே பிணக்கு ஏன் என்னும் வினா அவரை வாட்டியது. பரம்பரைக் கருத்துகளின் பிடியிலிருந்து விடுபட்டவர் எனும் பொருளில் ஆஸாத் என்னும் புனைபெயரைச் சூட்டிக்கொண்டது இக்காலத்தில்தான். ஐயத்திற்கு அஞ்சி அவர் நூல்களை மூடிவிடவில்லை. மேலும் கற்றார், தாமே தேடியடைந்த உறுதியான ஈமானுடன் மீண்டார். 1931-இல் முதல் பாகம் வெளிவந்த தர்ஜுமானுல் குர்ஆன் எனும் உருது விளக்கவுரை அத்தேடலின் கனியாகும்.

1912-இல் தொடங்கிய அல்ஹிலால் ஏட்டின் வாயிலாக விடுதலை உணர்வை ஊட்டினார். ராஞ்சிக் காவலும் அஹ்மத் நகர்க் கோட்டைச் சிறையும் அன்னாரின் வாசிப்பைத் தடுக்க இயலவில்லை.

1948-இல் கல்வி மாநாடு ஒன்றில், உலகத் தத்துவ வரலாறு புதிதாக எழுதப்பட வேண்டுமென அமைச்சராக வலியுறுத்தினார். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் ஆசிரியர் குழு அமைந்தது. வாடியா, தத்தா, ஹுமாயூன் கபீர் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். இராதாகிருஷ்ணன் தத்துவம் பயின்றது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். அன்று நகருக்குள் இருந்த அக்கல்லூரியே 1937-இல் நம் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது.

1952, 1953-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அந்நூல் வெளியாயிற்று. வேதாந்தம், பௌத்தம், சமணம், சீன ஜப்பானியச் சிந்தனை, இப்னு சீனா, இப்னு ருஷ்த் முதலான முஸ்லிம் மேதைகளின் தத்துவம், ஐரோப்பியத் தத்துவம் யாவும் அதில் இடம்பெற்றன. அரிஸ்டாட்டிலை இடைக்கால ஐரோப்பா பெரிதும் இப்னு ருஷ்தின் விளக்கவுரைகள் வழியே கற்றது. அத்தகைய வரலாற்றில் கிழக்குக்கு உரிய இடம் அளிக்கப்பட்டது. முன்னுரையை மௌலானாவே எழுதினார்.

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அன்னார் மறைந்தார். டெல்லி ஜாமிஆ மஸ்ஜித் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். 1992-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 2008 முதல் அவரது பிறந்த நாள் தேசியக் கல்வி நாளாகும்.

பிறர் சிந்தனைகளைக் கற்றால் பிள்ளைகளின் ஈமான் தளர்ந்துவிடுமோ என அஞ்சும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் மௌலானாவின் வாழ்வைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்துப் பார்க்கட்டும்.