நிறம் பிரித்த மருத்துவர் கிராம்

பற்றீரியாவுக்குச் சாயமிடப் பழகும் மாணவிகள் ஆய்வுகூடத்தில் அடிக்கடி சொல்லும் பெயர் கிராம். இது நிறையின் அலகன்று. ஒரு மருத்துவரின் பெயர்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1853 செப்டெம்பர் 13ஆம் திகதி டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். மகனோ முதலில் தாவரவியலை நாடி, பின்னர் மருத்துவம் கற்று, 1878இல் பட்டம் பெற்றார்.

1884இல் அவர் பேர்லின் நகர வைத்தியசாலையொன்றின் பிணவறையில் கார்ல் பிரீட்லாண்டர் என்பாருடன் பணியாற்றினார். நியூமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் இழையங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சாயமிட்டால் இழையமும் பற்றீரியாவும் சேர்ந்தே நிறமேறின. பற்றீரியா மட்டும் தனித்துத் தெரிய வழியென்ன?

கிராம் ஊதாச் சாயம் இட்டார். அயடீன் கரைசலைச் சேர்த்தார். பின்பு அற்ககோலால் கழுவினார். இழையத்தின் நிறம் நீங்கியது. பற்றீரியா கருநீலமாய் நின்றது. ஆயினும் எல்லாப் பற்றீரியாவும் அவ்வாறு நிற்கவில்லை. நெருப்புக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா நிறத்தை இழந்தது. சில நியூமோனியா நோயாளரிடமும் அவ்வாறே நிகழ்ந்தது. இதைத் தமது முறையின் குறையென்றே அவர் கருதினார். ஆனால் மறைக்கவில்லை. நிறம் காத்தவை எவை, இழந்தவை எவை என்பதை அவ்வாண்டே வெளியான கட்டுரையில் ஒளிக்காது எழுதி, தம் முறை முழுமையற்றது என்றும் ஒப்புக்கொண்டார்.

அந்தக் குறையே பின்னர் பெரும் பயனாயிற்று. தடித்த கலச்சுவருடையவை ஊதா நிறத்தைப் பிடித்துவைக்கின்றன. அவை கிராம் நேர் வகை. மெல்லிய சுவருடையவை அதனை இழக்கின்றன. அவை கிராம் எதிர் வகை. இந்த இரண்டாம் வகையும் கண்ணுக்குத் தெரிவதற்காகவே இன்று இறுதியில் சஃப்ரனின் என்னும் செந்நிறச் சாயத்தை இடுகிறோம். அற்ககோல் சில கணங்கள் மிகுந்தாலும் கிராம் நேர் வகை நிறமிழந்து, முடிவு பிழைத்துவிடும். எந்த நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தெரிவது என்பதில் வைத்தியருக்கு இவ்விரு நிறங்களும் வழிகாட்டுகின்றன.

கிராம் 1891இல் கோப்பன்ஹேகனில் மருந்தியற் பேராசிரியரானார், 1900இல் மருத்துவப் பேராசிரியரானார், 1923இல் ஓய்வுபெற்றார். 1938 நவம்பர் 14ஆம் திகதி தமது 85ஆவது வயதில் காலமானார். பென்சிலின் நோயாளரிடையே பரவியது அதன் பின்னரே. ஆகவே தமது முறையின் முழுப் பயனை அவர் காணவில்லை.

மாணவிகளே, செய்முறைக் கொப்பியில் எதிர்பார்த்த விடையை எழுதுவது எளிது. கண்டதைக் கண்டபடி எழுதியதாலேயே கிராமின் பெயர் நிலைத்தது.