மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று பரவலாக அறியப்படும் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (பெப்ரவரி 28, 1969 - செப்டம்பர் 19, 2014) ஒரு கருநாடக இசைக் கலைஞர் ஆவார். மேற்கத்திய இசைக்கருவியான மாண்டலினின் தந்தி அமைப்பை மாற்றி, அதனை மின்வழி ஒலிக்கச் செய்து, கருநாடக இசைக் கச்சேரியின் தனிக்கருவியாக நிலைநிறுத்தியவர் இவர்.

இளமையும் இசைப் பயிற்சியும்

ஸ்ரீநிவாஸ் ஆந்திரப் பிரதேச மாநிலம் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பாலக்கொல்லு என்ற ஊரில் பிறந்தார். இவரது தந்தை சத்தியநாராயணாவும் மாண்டலின் வாசிப்பவர். தந்தையின் கருவியை எடுத்து வாசிக்கத் தொடங்கியபோது இவருக்கு வயது ஆறு. பின்னர், செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் இசை கற்றார்.

சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் கேட்டதை அப்படியே கருவியில் கொண்டுவர வேண்டும். ஸ்ரீநிவாசின் பிற்கால இசைக்கு அடிப்படை இதுவே எனலாம். கருவிக்கென வகுத்த பாடமுறை இல்லாததால், குரலில் உள்ள வளைவும் குழைவும் தந்தியில் வந்தாக வேண்டியிருந்தது. ஆனால் அன்றைய மாண்டலின் அதற்கு இடங்கொடுக்கும் கருவியன்று.

கருவியில் செய்த மாற்றங்கள்

வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக, நான்கு இணைகளாக அமைந்திருக்கும். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும். கமகத்திற்காக அவற்றை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடுவதில்லை. சுருதி பிளந்து கேட்கும். தந்தியின் நீளமும் குறைவாகையால் ஒலி விரைவில் அடங்கிவிடும். மேற்கத்திய இசையில் ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டி இக்குறையை ஈடுசெய்வர். நீண்டு அசையும் கமகத்திற்கு அவ்வழி பொருந்தாது.

ஸ்ரீநிவாஸ் இணைத்தந்திகளைக் கைவிட்டு ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். சுர எல்லை விரிவடைய ஐந்து தந்திகள் கொண்ட கருவியைப் பயன்படுத்தினார். ஒற்றைத் தந்தியின் ஒலி மெலிந்தது. அதனை ஈடுசெய்தது மின்சாரம். மின்மாண்டலினில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் எனப்படும் பகுதி உள்ளது. இது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்ட அமைப்பாகும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறிக் கம்பிச்சுற்றில் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபையர் அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. கருவியின் உடல் உள்ளீடற்ற பெட்டியாக இல்லாமல் கெட்டியான மரமாக இருப்பின், தந்தியின் ஆற்றல் விரைவில் சிதறாமல் நாதம் நீடிக்கும். ஒருமுறை மீட்டிய நாதத்திலேயே பல சுரங்களை இழுத்துக் காட்ட இதனால் இயன்றது.

மின்மாண்டலின் இவரது கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1956இலேயே நான்கு ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை வெளியிட்டது. ஆயினும் அங்கு மின்கருவியின் ஒலியை வளர்த்த திசை வேறு. ராக் கிதார் கலைஞர்கள் பலர் பூஸ்ட் பெடல் கொண்டு மின்குறிப்பை வலுப்படுத்தி, ஆம்ப்ளிஃபையரைத் திணறவைத்து, அதில் எழும் கரகரப்பையே அழகாக்கினர். ஸ்ரீநிவாசின் இசைப்பதிவுகளில் கேட்பது கரகரப்பற்ற தெளிந்த ஒலி. கரகரப்பில் சுரங்களுக்கிடையேயான நுண்ணிய அசைவுகள் மங்கிவிடும்; கருநாடக இசையின் உயிர்நிலையோ அவ்வசைவுகளில்தான் உள்ளது.

கச்சேரிகள்

1978இல் குடிவாடாவில் நடைபெற்ற தியாகராஜ ஆராதனை விழாவில் இவரது முதற் கச்சேரி நிகழ்ந்தது. குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தபின், 1981இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தார். அப்போது வயது பன்னிரண்டு. திரையிசையில் பழகிய கருவியில், அதுவும் மின்சாரத்தில் ஒலிக்கும் ஒன்றில், கமகம் வருமா என்ற ஐயம் எழுந்தது. வயலினும் கிளாரினெட்டும் மேற்கிலிருந்து வந்து கருநாடக இசையில் கலந்தவையே என்றாலும், புதிய கருவி ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மாண்டலின் பொருட்டு அதனைச் செய்தவர் ஒரு சிறுவன் என்பது குறிப்பிடத்தக்கது.

1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1995இல் கனடிய கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் இணைந்து 'டிரீம்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். கிதாரின் நாதத்தை விரும்பிய அளவு நீட்டிக்கும் மின்னமைப்பை உருவாக்கியவர் புரூக். நீளும் நாதத்தைத் தேடிய இருவர் சந்தித்த தொகுப்பு அது. பின்னர் ஜான் மெக்லாஃப்லின், சாகீர் உசேன் ஆகியோரின் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் இடம்பெற்றார். அங்கு மெக்லாஃப்லினின் மின்கிதாரும் இவரது மின்மாண்டலினும் ஒரே மேடையில் ஒன்றுக்கொன்று விடைகூறி ஒலித்தன.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு 1998இல் பத்மசிறீ விருதினை வழங்கியது. 2009ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின்னர், தமது 45ஆம் வயதில் சென்னையில் காலமானார். இவரது தம்பி உ. ராஜேஷ் இவரிடமே பயின்ற மாண்டலின் கலைஞர். இருவரும் சேர்ந்து பல மேடைகளில் வாசித்துள்ளனர்.