தங்கையின் மரணம் கற்பித்த பாடம்

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை என ஊவா மாகாணமெங்கும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுள் பலரது மூதாதையர் புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களாவர். அதே புதுக்கோட்டை மண்ணில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி பிறந்தவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றே அன்னாரைப் பலரும் அறிவர். ஆயினும், புற்றுநோயை எதிர்த்து அன்னார் நடத்திய போராட்டம் நமது தோட்டப் பகுதி மக்களுக்கு உணர்த்தும் பாடமும் சிறிதன்று.

அன்னாரின் தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்று வந்த அக்கல்லூரியில் பல எதிர்ப்புகளின் மத்தியில் கற்ற முத்துலட்சுமி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் வைத்தியராக வெளியேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

வைத்தியராகப் பெயர் பெற்றிருந்த வேளையில், 1920களின் தொடக்கத்தில், அன்னாரின் தங்கை நோயுற்றார். வயிற்றுளைவு என்று கருதியே சிகிச்சை அளிக்கப்பட்டது. அது மலக்குடற் புற்றுநோய் எனத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. வைத்தியர் ஒருவரின் சொந்தச் சகோதரியையே காப்பாற்ற இயலாமற் போன அத்துயரம் அன்னாரின் வாழ்வின் திசையை மாற்றியது.

1925இல் லண்டன் சென்ற அன்னார், அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலையிலும் பயிற்சி பெற்றார். நாடு திரும்பிய பின் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தை நிறுவினார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டுமென வலியுறுத்தினார். புற்றுநோய் வந்தால் மரணம் நிச்சயம், அதற்கு வைத்தியசாலை எதற்கு என்ற மனப்பான்மை அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவிய காலம் அது. எனினும் அன்னார் சளைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் திகதி அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அன்னாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

1968 ஜூலை 22ஆம் திகதி அன்னார் மறைந்தபோது, தங்கையின் உடலில் நிகழ்ந்தது யாதென எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை. விடை அதன் பின்னரே கிடைத்தது.

கலங்கள் பெருகுவதற்குத் தூண்டும் பரம்பரையலகுகளும், அப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளும் நம் அனைவரது உடலிலும் உள்ளன. இவற்றையே மரபணுக்கள் என்றும் கூறுகிறோம். தேயிலைச் செடியில் கொழுந்து தளிர்க்கவும் வேண்டும், உரிய காலத்தில் கவ்வாத்து வெட்டவும் வேண்டும். கவ்வாத்து இன்றேல் செடி மரமாகிவிடும். தூண்டும் மரபணு பழுதுற்று ஓயாது தூண்டுமாயின் அது ஒன்கோஜீன், அதாவது புற்றுத்தூண்டி மரபணு எனப்படும். இது வெளியிலிருந்து வந்ததன்று, நமது இயல்பான மரபணுவின் திரிபே என்பதற்கு 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினரின் ஆய்வு வழிகாட்டியது. கட்டுப்படுத்தும் மரபணு கட்டியடக்கி மரபணு எனப்படும். அது இரண்டு பிரதிகளாக இருப்பதால் இரண்டுமே பழுதடைந்தால்தான் கட்டுப்பாடு முற்றாக நீங்கும் என்ற விளக்கத்தை 1971இல் நட்சன் முன்வைத்தார்.

தங்கையைப் பலிகொண்ட பெருங்குடல், மலக்குடற் புற்றுநோயே இவ்வாய்வில் முக்கிய இடம் பெற்றது. பொதுவாக முதலில் ஏ.பி.சி. என்ற கட்டியடக்கி மரபணு செயலிழக்கிறது. பின்னர் கே-ராஸ் என்ற தூண்டி மரபணு கட்டுமீறுகிறது. இறுதியில் பி-53 என்ற காவல் மரபணுவும் வீழ்கிறது. சிறு முளையொன்று புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். ஆகவே புற்றுநோய் ஒரே நாளில் வரும் சாபமன்று. படிப்படியாகச் சேரும் பழுதுகளின் விளைவு அது. இடையிலுள்ள அந்தக் காலமே மனிதனுக்குக் கிடைத்துள்ள வாய்ப்பாகும்.

அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்துகிறோமா? தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி விருந்தினரை வெற்றிலைத் தட்டம் வைத்து வரவேற்பது நம் வழக்கம். மலையில் கொழுந்து பறிப்போரும் களைப்புத் தீர வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்கின்றனர். பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. அதிலும் பி-53 மரபணு பழுதுறுவது பெரிதும் காணப்படுகிறது. வாயில் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண் ஆகியன முன்னெச்சரிக்கைகளாக இருக்கக்கூடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பப்பிலோமா வைரஸே காவல் மரபணுக்களின் பணியை முடக்குகிறது. அதற்கான தடுப்பூசி 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் 6ஆம் தரச் சிறுமிகளுக்கு இலவசமாக ஏற்றப்படுகிறது.

ஆயினும் ஒரு நாட் சம்பளத்தை இழந்து பதுளை வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கி, நோயை மறைத்து வைக்கும் தாய்மார் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வருதல் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வாய்ப் பரிசோதனையைத் தோட்டங்களுக்கே கொண்டு செல்லுதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றைக் கோரிக்கைகளாக முன்வைத்தல் வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்குக் கிடைக்காமற் போனது தக்க நேரத்து நோயறிதலே. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் நம் சகோதரிகளுக்கு அது கிடைக்கவில்லையெனின், அதற்கு மரபணுக்கள் மீது பழி சுமத்த இயலாது.