கணித மேதை இராமாநுஜனும் ஆசாரமும்

விஞ்ஞானக் கல்வியில் தலைநின்றோர் தெய்வபக்தியினின்று விலகியே நிற்பரென்று கருதுவார் நம்மிற் பலர். அஃது எப்போதும் அவ்வாறன்று என்பதற்கு, நம் திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் தென்பாலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ இராமாநுஜனின் சரித்திரமே தக்க சான்றாம்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டிற் பிறந்த இவர், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தார். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். அத்தேவியே கனவிற் சூத்திரங்களை அருளுவதாக நண்பரிடம் கூறுவார். கணிதமொன்றிலேயே ஆழ்ந்து, கல்லூரிப் பரீட்சையிற் தவறி, 1912-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

1913 ஜனவரியில் இவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் கணிதப் புலவர் ஹார்டி, இவரை ஆங்கு வரவழைக்க விரும்பினார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு விரோதமென்று முதலில் மறுத்த இராமாநுஜன், நாமக்கல் சென்று தேவியின் சந்நிதியில் மூன்றிரவு தங்கிய பின்னரே இசைந்தாரென்பர். 1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். குடுமியைக் களைய நேர்ந்தது. மரக்கறி உணவை மட்டும் விட்டாரில்லை. தம் அறையிலே தாமே சமைத்துண்டார். மகாயுத்தத்தால் உணவுப் பொருள்கள் அருகவே, 1917-ல் கடும் நோய்வாய்ப்பட்டார்.

தெய்வ நம்பிக்கையற்ற ஹார்டி, இவரது சமயம் வெறும் அனுஷ்டானமே, உள்ளத்து உறுதியன்றென்று கருதினார். அந்நாளில் ஆங்குப் பயின்ற மகலனோபிஸோ, இவர் தத்துவ விஷயங்களை மிக்க ஊக்கத்துடன் பேசுவாரென்று நினைவுகூர்ந்தார். உள்ளத்தை அளக்க வல்லார் யார்? ஆயினும் ஒன்று தெளிவு. கனவிற் கண்டதென்னும் காரணத்தால் ஒரு சூத்திரமும் கேம்பிரிட்ஜில் ஏற்கப்படவில்லை, நிரூபணமே வேண்டப்பட்டது. இராமாநுஜனும் அம்முறையைப் பயின்றார். அதனால் தம் வழிபாட்டைத் துறந்தாரல்லர்.

1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரும் டிரினிடி கல்லூரி பெல்லோவும் ஆனார். 1919-ல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-ல் தமது 32-ஆம் வயதிற் சென்னையிற் காலமானார். கடல் கடந்தவரென்று கருதி, ஆசாரசீலரான பந்துக்கள் பலர் ஈமக்கிரியைக்கும் வந்திலர். அயல்நாட்டிற் பசிப்பிணியுற்றும் எவர் ஆசாரத்தைக் காத்தாரோ, அவரையே அவ்வாசாரத்தின் பெயரால் விலக்கினர்!

அன்பர்காள், இன்று நம் பிள்ளைகளும் விஞ்ஞானக் கல்வியின் பொருட்டுக் கடல் கடக்கின்றனர். அவர்தம் பக்தியை உடையாலும் ஊராலும் அளவாதிருப்போமாக. மீண்டு வருங்கால் முகமலர்ந்து எதிர்கொள்வோமாக.