விரலுக்கு எழுத்தளித்த மேதை

எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையேறிச் சோளக்காட்டுச் சந்தையை அடைவோர், மிளகும் பலாவும் வாழையும் குவிந்திருக்கக் காண்பர். அச்சந்தைக்கும் இன்று சேதி வருவது கைத்தொலைபேசியின் வழியேதான். சர்க்கார் அறிவிப்பும் பள்ளிப் பாடமும் அதன் திரையில் தோன்றுகின்றன. கண்ணுடையோன் படித்துக் கொள்கிறான். கண்ணற்றோன் யாது செய்வான்? அவனுக்கும் விரல் உண்டென்பதை உலகிற்கு உணர்த்திய உத்தமர் ஒருவரின் சரிதத்தைப் பொதுஜன ஊழியர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

லூயி பிரெயில் 1809-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள கூவ்ரே கிராமத்தில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்றாம் வயதில், பட்டறையில் தோல் குத்தும் கருவியைக் குழந்தை எடுத்து விளையாட, அது கண்ணிற் பாய்ந்தது. ரணம் மற்றக் கண்ணுக்கும் பரவிற்று. ஐந்து வயதிற்குள் பார்வை அறவே போயிற்று.

1819-ல் பாரிஸிலிருந்த பார்வையற்றோர் கல்விச்சாலையில் அவர் சேர்ந்தார். கண்ணுடையோரின் எழுத்தையே காகிதத்தில் புடைக்கச் செய்து அங்கே கற்பித்தனர். புத்தகங்களோ பெரும் பாரம். மாணவர் தாமே எழுதுதற்கு வழியில்லை. பிறர் எழுதியதைத் தடவிப் படிக்கலாம், தம் கருத்தைத் தாம் எழுதலாகாது என்னும் நிலை பாதி விடுதலையேயன்றோ?

1821-ல் சார்லஸ் பார்பியே என்னும் ராணுவ அதிகாரியின் பன்னிரு புள்ளி முறை அச்சாலைக்கு வந்தது. அவ்வடிவம் விரல்நுனியின் ஒரு தொடலில் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-ல் முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்தே. 1829-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கண்ணைப் பறித்தது எவ்விதக் கருவியோ, அவ்விதக் கூர்முனையாலேயே காகிதத்தில் புள்ளி குத்தித் தம்மைப் போன்றோர்க்கு எழுத்தளித்தார்.

ஆயினும் அங்கீகாரம் எளிதில் கிட்டவில்லை. உபாத்தியாயராக உழைத்த அவர், க்ஷயரோகத்தால் 1852 ஜனவரி 6-ல் காலஞ்சென்றார். இரண்டு வருஷங்களுக்குப் பின்னரே, 1854-ல், அக்கல்விச்சாலை அவர் முறையை முறைப்படி ஏற்றது. 1952-ல் பிரெஞ்சு தேசம் அவரது உடலைப் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொணர்ந்து கௌரவித்தது.

நம் நாட்டு மொழிகளுக்கு 1951-ல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. முதலாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும் எழும்பினால் தமிழில் அது 'க', ஹிந்தியிலும் அவ்வொலியே.

பிரெயிலின் புள்ளிக்கு உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை. கணினியின் கணக்கும் அதுவே. ஆறு புள்ளியால் வெற்றிடம் உட்பட 64 வடிவங்கள் உண்டாகும். கணினிக்கெனச் சேர்த்த இரண்டு புள்ளிகளுடன் 256 ஆகும். 1999-ல் வெளிவந்த யூனிகோடின் மூன்றாம் பதிப்பு இவை அனைத்துக்கும் எண் வழங்கிற்று. முதற் புள்ளிக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என மதிப்பு இரட்டிக்கும். ஆகவே 'க'வின் வடிவம் ஐந்தாம் எண் பெறும். எண் வடிவத்திற்கு மாத்திரமே. அதே வடிவம் ஆங்கிலத்தில் 'கே'. எம்மொழியாகப் படிப்பதென்பதை மொழிபெயர்க்கும் நிரல் தீர்மானிக்கும். கணினியுடன் இணைந்த பிரெயில் பலகையில் சிறு ஊசிகள் எழும்பித் தாழ, விரல் அதனைப் படிக்கும்.

ஆனால் இவ்வழி திறப்பது எழுத்தாக அனுப்பப்படும் சேதிக்கே. அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பினால், அதில் எழுத்தென ஒன்றும் இராது. விரலுக்குக் கிட்டுவது வெறுமையே. அதை மீண்டும் எழுத்தாக்கும் கருவிகள் உண்டெனினும் அவை பிழைபடக் கூடும். கூட்ட அழைப்பையும் தீர்மானத்தையும் படமாக்கிப் பரப்பும் நம் சங்கத்தார், அவற்றின் வாசகத்தையும் உடன் அனுப்புதல் கடமையாகும். பதினைந்து வயதுச் சிறுவர் திறந்த கதவை நாம் அசிரத்தையால் அடைக்கலாகாது.