கரை காணாக் கவிஞர்

ஆங்கிலக் கவிவாணருள் கடலைப் பாடினோர் பலர். அவருள் ஒருவரான வில்லியம் கௌப்பர் மாலுமியல்லர். வாழ்நாளிற் பெரும்பகுதியை உள்நாட்டு ஊர்களிலே கழித்தவர். ஆயினும், தம் ஆன்மாவின் நிலையை உரைக்க அவர் பன்முறை நாடிய உருவகம் கடலே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கௌப்பர் 1731-ஆம் ஆண்டில் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு குருவானவரின் மைந்தராய்ப் பிறந்தார். ஆறு வயது நிரம்புமுன் அன்னையை இழந்தார். சட்டம் பயின்ற அவர், 1763-இல் பிரபுக்கள் சபையின் எழுத்தர் பதவிக்காகத் தேர்வுக்கு நிற்க நேர்ந்தது. அவ்வச்சத்தால் மதி கலங்கி, தம்முயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பின்னர் ஒரு மருத்துவரின் பராமரிப்பில் தேறி, கிறிஸ்துவின் கிருபையில் ஆறுதல் கண்டார்.

ஓல்னி என்னும் ஊரில் ஜான் நியூட்டன் அவருக்கு நண்பரானார். நியூட்டன் அடிமை வாணிகக் கப்பல்களில் உழன்றவர். 1748-இல் புயலிடைக் கடவுளை நோக்கிக் கூவியவர். பிற்காலத்தே குருத்தொண்டு பூண்டவர். இருவரும் இயற்றிய ஞானப்பாட்டுகள் 1779-இல் நூலாயின. அவற்றுள் கௌப்பர் பாடிய ஒன்றில் கடவுள் கடல்மீது அடிபதித்துப் புயலைத் தம் ஊர்தியாக்குகின்றார். அங்கே கடல், மனிதர் அறியவொண்ணாத் திருவுளத்தின் ஆழம்.

அந்நூல் வெளிவருமுன்னரே, 1773-இல், கடவுள் தம்மைத் தள்ளிவிட்டார் என்று கனவு கண்ட கௌப்பர், அதன்பின் ஆலயத்துட் புகுந்திலர். 1790-இல் அன்னையின் உருவப்படம் அவர் கைக்கு வந்தது. அதனைக் கண்டு பாடிய பாட்டில், அன்னை அமைதியான துறைமுகம் சேர்ந்த கப்பல். தாமோ திசை தப்பி அலையுண்ணும் மரக்கலம். முப்பதாண்டுகள் அவரைப் பேணிய மேரி அன்வின் அம்மையார் 1796-இல் மறைந்தார். 1799-இல், ஆன்சன் என்னும் கப்பற்றலைவரின் பயண நூலிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கௌப்பர் பாடினார். கடலில் வீழ்ந்த மாலுமியைக் காக்கத் தோழர் கயிறும் மிடாவும் எறிந்தும், புயலிற் கப்பலைத் திருப்ப இயலாமல் அகன்றனர். அவனிலும் ஆழ்ந்த நீரில் தாம் அமிழ்வதாய்க் கூறி அப்பாட்டை முடித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அவர் இறந்தார்.

கடல் ஒன்றே, அதனை நோக்கும் உள்ளமே வேறு. தாம் கரை சேரோம் என்று நம்பியவரின் ஞானப்பாட்டுகளைத் துயருற்றோர் பலர் இன்றும் பாடித் தேறுகின்றனர். அவர் தமக்கெனக் காணாத கரையைப் பிறர்க்குக் காட்டினார் என்று நாம் துணிகின்றோம்.