லூயி ரெனோ: கியர் பெட்டியில் தொடங்கி காவலில் முடிந்த வாழ்க்கை

ரெனோ என்ற பெயரைக் காரின் முகப்பில் பார்த்தவர்கள் பலர். அந்தப் பெயருக்குரியவர் தடுப்புக் காவலில், வழக்கு விசாரணைக்கு வரும் முன்னரே இறந்துபோனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள் பற்றி எழுதிவரும் எனக்கு, அவருடைய கதையை இந்த முடிவிலிருந்துதான் வாசிக்க முடிந்தது.

1877 இல் பாரிஸில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் லூயி. படிப்பைவிட இயந்திரங்களில்தான் ஈடுபாடு. பியாங்கூரில் இருந்த குடும்ப வீட்டின் தோட்டத்துக் கொட்டில்தான் அவருடைய பட்டறை. 1898 இல், 21 வயதில், முச்சக்கர மோட்டார் வண்டி ஒன்றைப் பிரித்து நான்கு சக்கரக் காராக மாற்றினார்.

அன்றைய கார்களில் பெரும்பாலானவை சங்கிலியாலோ பட்டியாலோ பின்சக்கரங்களைச் சுழற்றின. இரைச்சல் அதிகம், சங்கிலி அடிக்கடி அறுந்தது. ரெனோ சங்கிலியை நீக்கி, சுழலும் தண்டு ஒன்றால் கியர் பெட்டியைப் பின் அச்சுடன் இணைத்தார். முன்னோக்கி மூன்று கியர்கள். முதல் இரண்டிலும் பற்சக்கரங்கள் வழியாக விசை போகும். மூன்றாவதில் எஞ்சினிலிருந்து வரும் தண்டும் வெளியே செல்லும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். இடையில் பற்சக்கரங்கள் சுமை தாங்காததால் விசை வீணாவதும் இரைச்சலும் குறைந்தன.

அதற்கான சோதனை வீதியில்தான் நடந்தது. 1898 நத்தாருக்கு முந்திய இரவு, மொன்மார்த்ர் குன்றின் செங்குத்தான லெப்பிக் வீதியில் காரை ஏற்றிக் காட்டினார். எஞ்சினின் வலு இரண்டு குதிரைவலுவைக்கூட எட்டாது. கார் ஏறியது. அன்றிரவே 12 கார்களுக்கு முன்பதிவு கிடைத்ததாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. 1899 பெப்ரவரியில் அந்த வடிவமைப்புக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அண்ணன்மார் மார்செல், பெர்னான்ட் இருவரும் நிறுவனத்தைத் தொடங்கினர். அனுமதியின்றி அந்த முறையைப் பயன்படுத்திய போட்டி நிறுவனங்கள் பின்னர் உரிமைத் தொகை கட்ட வேண்டியதாயிற்று.

1903 இல் பாரிஸ்–மட்ரிட் பந்தயத்தில் மார்செல் உயிரிழந்தார். 1909 இல் பெர்னான்டும் நோயால் இறந்தார். தொழிற்சாலை லூயி ஒருவரின் கைக்கு வந்தது.

1914 இல் மார்ன் போர்முனைக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற பாரிஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை ரெனோ. அவருடைய சிறிய போர்த்தாங்கிகள் முதலாம் உலகப் போரின் இறுதியில் களமிறங்கின. அப்போது அவர் நாட்டின் நாயகன். இரண்டாம் போரில் அதே தொழிற்சாலை, ஆக்கிரமித்த ஜேர்மன் இராணுவத்துக்கு லொறிகள் செய்தது. 1942 மார்ச் 3 இரவு பிரித்தானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசியபோது அயலில் இருந்த நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டனர்.

பாரிஸ் மீட்கப்பட்டதும், 1944 செப்டெம்பரில் எதிரிக்கு உதவிய குற்றச்சாட்டில் கைதாகி பிரென் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 24 அன்று இறந்தார். சிறையில் தாக்கப்பட்டார் என்றது குடும்பம். நோய் என்றது அரச தரப்பு. 1945 ஜனவரியில் நிறுவனம் அரசுடைமையானது.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. அந்த லொறிகள் யாருக்குப் போயின என்பது தெரிந்ததே. ஆனால் அவர் விரும்பிச் செய்தாரா, மிரட்டலுக்குப் பணிந்தாரா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. விசாரணையில்லாத மரணம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையை மட்டும் பறிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேரவேண்டிய உண்மையையும் கூடவே புதைத்துவிடுகிறது. பியாங்கூரில் குண்டுக்குப் பலியானவர்களின் உறவுகளுக்கும் அந்தப் பதில் கிடைக்காமலே போனது.